கிறேஸ் ஹொப்பரும் அவர் காத்த மொழியும்

இத்தகைய மலர்களில் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை எழுதுவதென்றால் புளோரன்ஸ் நைற்றிங்கேலும் மேரி கியூரியுமே முதலில் நினைவுக்கு வருவர். வைத்தியத்துறையில் இருக்கும் எங்களிடம் கட்டுரை கேட்ட மலர்க்குழுவினரும் அப்படி ஒன்றையே எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால் எமது பழைய மாணவிகள் இன்று பார்க்கும் தொழில்களை எண்ணிப் பார்த்தால், ஆசிரியைகளுக்கும் வைத்தியர்களுக்கும் அடுத்தபடியாக நிற்பவர்கள் கணினியோடு வேலை செய்பவர்களே. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் பணிபுரியும் சகோதரிகள் சிலர், தாம் பிறப்பதற்கு முன்னர் எழுதப்பட்ட செய்நிரல்களைப் பராமரித்து வருகிறார்கள்.

அந்தச் செய்நிரல்கள் எழுதப்பட்ட மொழியின் பெயர் கொபோல். வர்த்தகக் கணக்குகளுக்கென 1959இல் உருவாக்கத் தொடங்கப்பட்ட அம்மொழியின் சர்வதேச நியமம் கடைசியாக 2023 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டது. அறுபது ஆண்டுகள் கடந்தும் ஒரு கணினி மொழி புதிய வசதிகளைப் பெற்றுக்கொண்டிருப்பதும், பழைய செய்நிரல்கள் பெரும்பாலும் உடையாமல் ஓடிக்கொண்டிருப்பதும் தானாக நடந்தவை அல்ல. அதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர் கடற்படைச் சீருடை அணிந்த ஒரு கணித ஆசிரியை. அவரது வாழ்க்கையையே இங்கு எழுதுகிறோம்.

கிறேஸ் புறூஸ்ரர் மரே 1906 டிசெம்பர் 9ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். தந்தையார் காப்புறுதித் தரகர். தாயார் கணிதத்தில் ஆசை இருந்தும் அதை முறையாகப் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர். ஏழு வயதில் கிறேஸ் வீட்டிலிருந்த அலாரம் மணிக்கூடு ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எப்படிப் பூட்டுவது என்று பார்க்க அடுத்ததைக் கழற்றினார். இப்படியே ஏழு மணிக்கூடுகள் பாகம் பாகமாகப் போனபின் தாயாருக்கு விஷயம் தெரிந்தது. அவர் அடிக்கவில்லை, இனிமேல் ஒரு மணிக்கூட்டை மட்டும் வைத்து ஆராய்ந்துகொள் என்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். நாடிகள் தடித்து இரத்தவோட்டம் குன்றும் நோயினால் இரண்டு கால்களையும் இழந்தவர் தந்தையார். தமக்கு ஏதும் நேர்ந்தால் பெண்பிள்ளைகளும் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்று எண்ணி, மகனுக்குக் கொடுத்த கல்வியை மகள்மாருக்கும் கொடுத்தார்.

நியூஜேர்சியில் உள்ள ஒரு பெண்கள் பாடசாலையின் விடுதியில் தங்கிப் படித்த கிறேஸ், பதினாறு வயதில் வாசார் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது இலத்தீன் புள்ளிகள் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். மறு ஆண்டு அனுமதி கிடைத்தது. 1928இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் பட்டம், 1930இல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுமாணி, அதே ஆண்டு ஆங்கிலப் பேராசிரியர் வின்சன்ற் ஹொப்பருடன் திருமணம், 1934இல் யேலில் கணிதக் கலாநிதிப் பட்டம். பிள்ளைகள் இல்லை. 1945இல் மணவாழ்வு விவாகரத்தில் முடிந்தது. பெயரை மட்டும் கடைசிவரை வைத்துக்கொண்டார்.

1931 முதல் வாசாரிலேயே கணிதம் கற்பித்தார். நிகழ்தகவு வகுப்பில் ஒரு சூத்திரத்தைக் கொடுத்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்வாராம். இது கணித வகுப்பா மொழி வகுப்பா என்று மாணவிகள் முறைப்பட்டபோது, அறிந்ததைப் பிறருக்கு விளங்கச் சொல்ல முடியாதவர்கள் கணிதம் படித்துப் பயனில்லை என்று விளக்கம் கொடுத்திருக்கிறார். கணினியுடன் ஆங்கிலச் சொற்களில் பேசவேண்டும் என்று பிற்காலத்தில் அவர் பிடித்த பிடிவாதத்தின் வேர் இந்த வகுப்பறையில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. அவரது பூட்டனார் ஒருவர் அமெரிக்கக் கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். கிறேசும் கடற்படையில் சேரப் போனார். வயது கூடிவிட்டது என்றார்கள். நிறை 105 இறாத்தல், உயரத்துக்கு ஏற்ற அளவில் 15 இறாத்தல் குறைவு என்றார்கள். கணித ஆசிரியை நாட்டுக்கு அத்தியாவசியமானவர், வகுப்பிலேயே இருக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். விடாமல் விலக்குப் பெற்று, கல்லூரியில் விடுமுறை எடுத்து, 1943 டிசெம்பரில் கடற்படைச் சேமப்படையில் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டார். பயிற்சியில் முதலாவதாகத் தேறிய முப்பத்தேழு வயது லெப்டினன்டை 1944இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஹவார்ட் எய்க்கனின் தலைமையில் மார்க் வன் என்னும் கணிப்பொறி ஓடிக்கொண்டிருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம், ஏறத்தாழ 5 தொன் நிறை. ஒரு செக்கனில் மூன்று கூட்டல்கள் செய்யும். கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்திக் கொடுக்கவேண்டும். அந்தப் பொறிக்கு 500 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேட்டை எழுதி முடித்தவர் ஹொப்பர். அது 1946இல் வெளியானது. கணினிக்குள் விட்டிற்பூச்சி அகப்பட்ட கதையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். 1947 செப்டெம்பரில் மார்க் டூ பொறியின் அஞ்சல் ஒன்றுக்குள் இருந்து எடுக்கப்பட்ட பூச்சியைக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டிவைத்தார்கள். அது இன்றும் சிமித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூச்சியைக் கண்டவர் ஹொப்பர் அல்லர். கதையை உலகறியச் சொன்னவர்தான் அவர்.

போர் முடிந்தபின் வாசார் கல்லூரி பேராசிரியர் பதவி தர முன்வந்தும் அவர் திரும்பவில்லை. ஹாவார்டிலோ பெண் ஒருவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. 1949இல் பிலடெல்பியாவில் யூனிவாக் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த எக்கேர்ட், மோச்லி ஆகியோரின் சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார்.

சிறுவர் நூல்கள் இந்த இடத்தில் ஒன்றைத் தாண்டிச் செல்லும். போர்க்கால வேலைப்பளுவுடன் தொடங்கிய மதுப்பழக்கம் அந்த ஆண்டுகளில் அவரை மிகவும் தாக்கியிருந்தது. 1949இன் பிற்பகுதியில் மதுவெறியில் பொலிசாரால் கைதுசெய்யப்படும் நிலைவரை போனது. ஹாவார்டில் உடன் பணியாற்றிய எட்மண்ட் பேர்க்லி என்ற நண்பர், அவரது ஆற்றல் வீணாகிறது, உதவியை நாடவேண்டும் என்று ஒளிவுமறைவின்றிக் கடிதம் எழுதினார். எங்கள் சமூகத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்குத் தெரியாமல் பார்ப்போமே தவிர, கடிதம் எழுதும் நண்பர் கிடைப்பது அரிது. நோயாளருடன் பழகும் எங்களுக்கு அவரது வாழ்க்கையில் முக்கியமான ஆண்டு இதுதான் என்று தோன்றுகிறது. அவரைப் புகழுக்குக் கொண்டுவந்த வேலைகள் யாவும் இதற்குப் பின்னரே நடந்தன.

அக்காலத்தில் செய்நிரல் என்பது இலக்கங்களின் வரிசை. ஒரு முறை எழுதிய துண்டை மறுமுறை பயன்படுத்த, கொப்பியைப் பார்த்துக் கையால் பெயர்த்தெழுதவேண்டும். எழுதும்போது பிழை விழும். இந்தப் பெயர்த்தெழுதும் வேலையைக் கணினியிடமே கொடுத்தால் என்ன என்று கேட்டவர் ஹொப்பர். 1951, 1952இல் அவர் செய்த ஏ-0 என்பதே தொகுப்பான் என்ற பெயரைப் பெற்ற முதல் முயற்சி. இன்றைய தொகுப்பான்களுடன் ஒப்பிட்டால் அது மிக எளியது. ஆனாலும் கணினிக்குக் கணக்குத்தான் தெரியும், செய்நிரல் எழுதத் தெரியாது என்று சொல்லிப் பலர் அதை நம்ப மறுத்தார்கள்.

அடுத்த படியே பெரியது. கடைக்காரருக்கும் கணக்காளருக்கும் குறியீடுகள் தேவையில்லை, சொற்களே போதும் என்றார். மொத்தச் சம்பளத்திலிருந்து வரியைக் கழித்து மிகுதியைத் தா என்பதை ஆங்கில வாக்கியமாக எழுதினால் கணினி செய்யவேண்டும். தமது எண்ணத்தை நிரூபிக்க 1955இல் நிறுவனத்தின் மேலதிகாரிகளுக்கு ஒரு சிறிய செய்நிரலை ஆங்கிலத்திலும், பின்னர் அதையே பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் எழுதி ஓடவைத்துக் காட்டினார். மேலதிகாரிகளோ மிரண்டுபோனார்கள், அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சு எப்படி விளங்கும் என்பது அவர்களது கவலை. ஆங்கிலம் மட்டுந்தான் என்று வாக்களித்து அவர்களைச் சமாதானப்படுத்தவேண்டி வந்தது. அந்த வேலை ஃபுளோமற்றிக் என்னும் மொழியாக வெளிவந்தது.

கொபோலின் தாய் என்று அவரைச் சொல்வது வழக்கம். அது முழுதும் சரியல்ல. சொல்லாமல் விட்டால் வேறு பெண்களுக்கு அநீதி. ஒவ்வொரு கணினி நிறுவனமும் தனக்கெனத் தனிமொழி வைத்திருந்ததால், கணினியை மாற்றினால் எல்லாச் செய்நிரல்களையும் திருப்பி எழுதவேண்டியிருந்தது. பொதுமொழி ஒன்று வேண்டும் என்று முதலில் முயற்சி எடுத்தவர் பறோஸ் நிறுவனத்தின் மேரி ஹோஸ். 1959 மே மாத இறுதியில் பென்ரகனில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சாள்ஸ் பிலிப்ஸ் தலைமையில் கூட்டம் நடந்தது. மொழியின் விபரங்களை நியூயோர்க்கில் இருந்து எழுதி முடித்தவர்கள் ஆறு பேர். அவர்களில் ஜீன் சமெட், கேர்ட்ரூட் ரியேர்னி என்னும் இருவர் பெண்கள். ஹொப்பர் ஆலோசகராக இருந்தார், அந்த அறுவருள் இல்லை. ஆனால் மேசைமேல் இருந்த மாதிரிகளில் உண்மையில் பயன்பாட்டில் இருந்த முக்கியமான மொழி அவரது ஃபுளோமற்றிக். கொபோலின் உடலமைப்பில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. ஆகவே தாய் என்பதைவிட அம்மம்மா என்பது பொருந்தும்.

குழுவின் தாமதத்தில் சலித்துப்போன ஹவார்ட் புறோம்பேர்க் என்ற உறுப்பினர் கொபோல் என்று பெயர் பொறித்த கல்லறைக்கல் ஒன்றை வாங்கிப் பிலிப்சுக்கு அனுப்பிவைத்தார். கல் இன்று கலிபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொழி சாகவில்லை. 1960 டிசெம்பரில் ஒரே கொபோல் செய்நிரல், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரண்டு கணினிகளில் ஓடியது.

1966 டிசெம்பர் 31இல் வயதைக் காட்டிக் கடற்படை அவரைச் சேமப்படையிலிருந்து ஓய்வுபெற வைத்தது. தமது வாழ்க்கையின் மிகத் துயரமான நாள் அது என்று அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். ஏழு மாதங்கள்தான். 1967 ஓகஸ்டில் ஆறு மாத வேலைக்கென்று கடற்படையே திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் ஏறத்தாழ பத்தொன்பது வருடங்களாக நீண்டது.

அழைத்த காரணம் கொபோல்தான். பொதுமொழி என்று பெயர் இருந்தும் ஒவ்வொரு நிறுவனமும் தன் தொகுப்பானில் தன் விருப்பப்படி சொற்களைச் சேர்த்தது, விட்டது, மாற்றியது. ஒரு தளத்தில் எழுதிய சம்பளச் செய்நிரல் மற்றத் தளத்தில் ஓடவில்லை. ஹொப்பரின் குழு இதற்குச் செய்த வைத்தியம் மிக எளிமையானது: மொழியின் ஒவ்வொரு கூறையும் பரீட்சிக்கும் செய்நிரல்களை எழுதி, விற்பனைக்கு வரும் தொகுப்பான் அவற்றில் சித்தியடைகிறதா என்று பார்த்தார்கள். பின்னர் இம்முறை அமெரிக்க அரசின் ஏனைய பகுதிகளுக்கும் பரவியது. புதிய மருந்தைப் பற்றி விற்பனைப் பிரதிநிதி சொல்வதை நம்பாமல் நாமே அளந்து பார்ப்பது போன்றது இது. புதியதைக் கண்டுபிடித்தவர் என்று அவரை நினைவுகூர்பவர்கள், இந்தச் சலிப்பூட்டும் பரீட்சை வேலையை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

மொழியின் நியமம் 1968இல் முதன்முதல் வெளிவந்தது. 1974இலும் 1985இலும் புதுப்பிக்கப்பட்டது. மூன்றின்போதும் அவர் சீருடையில் இருந்தார். இவற்றுள் 1985ஆம் ஆண்டுப் பதிப்பின் கதையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். பழைய கொபோலில், இப்படியானால் இதைச் செய் என்று தொடங்கும் நிபந்தனை ஒரு முற்றுப்புள்ளியில்தான் முடியும். களைப்பில் ஒரு புள்ளி இடம்மாறி விழுந்தால் நிபந்தனைக்குள் இருக்கவேண்டிய கட்டளை வெளியே போய்விடும். தொகுப்பானும் பிழை சொல்லாது. மருந்துச் சிட்டையில் பூச்சியம் போடாமல் .5 என்று எழுதினால் 5 என்று வாசிக்கப்படும் ஆபத்தை அறிந்த எங்களுக்கு இதன் பாரதூரம் உடனே விளங்கும். நிபந்தனை முடியும் இடத்தை எண்ட்-இஃப் என்ற சொல்லால் அடைக்கும் முறை புதிய பதிப்பில் வந்தது. பல தெரிவுகளில் ஒன்றை எடுக்க எவலுவேட் என்ற கட்டளையும் வந்தது.

நல்லவை என்றாலும் எதிர்ப்புக் கிளம்பியது. 1981இல் வரைபு வெளியானதும் அது பழைய செய்நிரல்களை உடைத்துவிடும் என்று பெரிய காப்புறுதி நிறுவனமொன்றின் அதிகாரி போர்க்கொடி தூக்கினார். 2,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. பெரும்பாலானவை எதிர்த்தே வந்தன. நான்கு ஆண்டுகள் இழுபட்டபின் கண்ட வழி நினைவில் வைக்கத்தக்கது. வேண்டாத அம்சத்தை உடனே வெட்டாமல் வழக்கொழியும் அம்சம் என்று ஒரு பதிப்பில் அறிவித்து, அடுத்த பதிப்பிலேயே நீக்குவது. ஓடும்போதே கட்டளை போகும் திசையை மாற்றும் ஓல்ட்டர் என்ற ஆபத்தான சொல் அப்படி 1985இல் குறிக்கப்பட்டு 2002இல் நீக்கப்பட்டது. ஸ்ரீரொயிட் மருந்தை நீண்டகாலம் எடுத்த நோயாளிக்கு அதைத் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பது போல.

ஹொப்பர் 1973இல் கப்டன், 1983இல் ஜனாதிபதியின் சிறப்பு நியமனத்தால் கொமடோர், 1985இல் றியர் அட்மிரல் என உயர்ந்தார். நாடெங்கும் விரிவுரைக்குப் போகும்போது ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள கம்பித்துண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோவார். ஒரு நனோசெக்கனில் மின்சாரம் போகக்கூடிய ஆகக் கூடிய தூரம் அது. செய்மதி வழியாகச் செய்தி ஏன் சுணங்குகிறது என்று கேட்கும் அட்மிரல்களுக்கும் அதையே கையில் கொடுப்பார். அவரது அறையில் மணிக்கூடு ஒன்று எதிர்த்திசையில் சுற்றும். வழக்கம் இதுதான் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் முதலில் அதைப் பார்க்கட்டும் என்பதற்காக. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்கள் வகுப்பினருக்குக் கணினி படத்தில் கண்ட பொருளாக மட்டுமே இருந்தது. இப்படி ஒரு கம்பித்துண்டு அன்று எங்கள் வகுப்பறைக்கு வந்திருந்தால் எத்தனை பேர் திசைமாறியிருப்போமோ.

1986 ஓகஸ்ட் 14இல், 79 வயதில், பொஸ்ரன் துறைமுகத்தில் நிற்கும் கொன்ஸ்ரிரியூசன் என்ற பழம்பெரும் கப்பலின் தளத்தில் அவருக்கு ஓய்வு வழங்கப்பட்டது. அப்போது பணியிலிருந்த அதிகாரிகளுள் அவரே வயதில் மூத்தவர். உடனே டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்து, 1992 ஜனவரி 1இல் இறக்கும்வரை வேலை செய்தார். ஆர்லிங்ரன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1997 முதல் சேவையில் உள்ளது.

அவருக்குப் பின்னும் மொழி வளர்ந்தது. நினைவகத்தை மிச்சம்பிடிக்க ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிய பழைய வழக்கம் 1999இல் உலகத்தையே பதறவைத்தது. ஓய்வுபெற்றிருந்த கொபோல்காரர்களைத் தேடிப்பிடித்து அழைத்தார்கள். 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் பொருள்நோக்குச் செய்நிரலாக்கமும், வரியின் எந்த இடத்திலும் எழுதத் தொடங்கும் சுதந்திரமும், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைக் கையாளும் வசதியும் வந்தன. 1955இல் பிரெஞ்சைக் கண்டு மிரண்ட மேலதிகாரிகள் இதைப் பார்த்திருக்கவேண்டும். 2014இல் தேவைக்கேற்ப நீளும் அட்டவணைகள் வந்தன.

2023ஆம் ஆண்டுப் பதிப்பில் எங்களைக் கவர்ந்தவை கொமிட், றோல்பாக் என்ற இரண்டு கட்டளைகள். உங்கள் கணக்கிலிருந்து காசு கழிக்கப்பட்டு, ஊரிலுள்ள அம்மாவின் கணக்கில் சேர்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டால் என்ன செய்வது? இரண்டும் நடந்தால் உறுதிசெய், ஒன்று தவறினாலும் இரண்டையும் முன்னிருந்த நிலைக்குக் கொண்டுபோ என்று சொல்லும் ஏற்பாடு அது. வங்கிகளின் தரவுத்தளங்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தன. இப்போது மொழியின் நியமத்திலேயே இடம்பெற்றுள்ளது. ஒரு செய்நிரல் மற்றதற்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திராமல் தன் வேலையைத் தொடரும் வசதியும், இத்தனை செக்கன் பொறுத்துத் தொடர் என்ற கட்டளையும், சாதாரண எழுத்துக் கோப்புகளை வரிவரியாக வாசிக்கும் முறையும் சேர்க்கப்பட்டுள்ளன. கடைசியாகச் சொன்னதைப் பல நிறுவனங்கள் தத்தம் தொகுப்பான்களில் ஏற்கெனவே வெவ்வேறு விதமாகத் தந்துகொண்டிருந்தன. அவற்றை ஒரே முறைக்குக் கொண்டுவந்தது ஹொப்பரின் 1967ஆம் ஆண்டு வேலையின் தொடர்ச்சியே.

இதை வாசிக்கும் தங்கைமாருக்கு ஒரு தகவல். இம்மொழியைத் தொட்டுப்பார்க்கப் பெரிய கணினி தேவையில்லை. குனூகொபோல் என்ற தொகுப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் இருக்கும் மடிக்கணினியில் ஓடும். தொடங்கும்போது, எமது சங்கத்தில் இத்துறையில் இருக்கும் அக்காமார் எவருக்காவது ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவர்கள் வேலை செய்யும் பல இடங்களில் மூத்தவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆள் தேவையாக இருக்கிறது.